பத்து டிகிரி என்று சொன்ன கோடு

அளவு அக்காவிடம் ‘சுமாரா’ என்று சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. ‘சுமாரா ஒரு மீட்டர் ரப்பர் குழாய் குடுங்க’ என்று கவுன்டருக்கு வருபவரைத் திருப்பி அனுப்பி, வண்டியில் இருக்கும் பழைய குழாயைக் கழற்றி எடுத்துவரச் சொல்வாள். அதை மேசையில் நேராக நீட்டி, ஸ்கேலை வைத்துப் பார்த்து, “எண்பத்தேழு சென்டிமீட்டர். ஒரு மீட்டர் வாங்கியிருந்தா பதிமூணை வெட்டிக் குப்பையில போட்டிருப்பீங்க” என்பாள். வந்தவர் முதல் தடவை எரிச்சல்படுவார். இரண்டாவது தடவை பழைய குழாயைக் கையோடு கொண்டுவருவார். ‘அளவு அக்கா’ என்ற பெயரை வைத்தது அவளுடைய தம்பி. கிண்டலுக்குத்தான் வைத்தான். ஆனால் மெக்கானிக் ஷெட்டில் ஒட்டிக்கொண்ட பெயர் கிரீஸ் மாதிரி. தேய்க்கத் தேய்க்கப் பரவுமே ஒழியப் போகாது.

ஷெட்டுக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அவள் வேலை பார்த்தது ஒரு பம்ப் தொழிற்சாலையின் அளவு அறையில். தொழிற்சாலையிலேயே குளிரூட்டிய ஒரே அறை அதுதான். நடுவில் வழவழவென்று ஒரு கல் மேசை, சுற்றிலும் கண்ணாடி அலமாரிகள். பட்டறையில் ஆட்கள் அளப்பதற்கு வைத்திருந்த கருவிகள் எல்லாம் மாதம் ஒரு முறை அந்த அறைக்கு வரும். அவை சரியாக அளக்கின்றனவா என்று அளப்பது அவள் வேலை. “அளக்கிறதையே அளக்கிறதா? இதுக்கு ஒரு சம்பளமா?” என்று அவள் அம்மாவே சிரித்தது உண்டு.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒன்று நடந்தது. புதிய பம்புகளில் தண்டு உட்காரவில்லை, இறுகியது. லேத்தில் தண்டு கடையும் ஆளின் கை சரியில்லை என்று மேற்பார்வையாளர் இரண்டு வாரம் அந்த மனிதரை வறுத்து எடுத்தார். அவர் கடைந்த தண்டை அளந்தார்கள், சரியாக இருந்தது. துளையை அளந்தார்கள், அதுவும் சரி. இரண்டும் சரியென்றால் ஏன் உட்காரவில்லை? யாருக்கும் பிடிபடவில்லை. அப்போது இருபத்தேழு வயதுக்காரியான அவள்தான், துளையை அளக்கும் எஃகு உருளையையே எடுத்து அளந்தாள். எப்போதோ யாரோ கீழே போட்டு, நசுங்கலைத் தேய்த்து மறைத்துவிட்டு, சத்தமில்லாமல் பெட்டியில் திரும்ப வைத்திருக்கிறார்கள். ஒரு முடியில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது அது. லேத்காரர் அன்று அவள் முன்னால் வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எந்த எண்ணைப் பார்த்தாலும் அவளுக்கு முதலில் வரும் கேள்வி, ‘இதைச் சொன்னது யார், அவங்களை யார் சரிபார்த்தாங்க?’ என்பதுதான்.

தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றியபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக முடியாது. கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், மகள் கல்லூரியில். தம்பி ஓடி வந்து, “அக்கா, நம்ம ஷெட்டுக்கு வந்துடு. உதிரிபாகக் கவுன்டரைப் பார்த்துக்கோ. நிம்மதியா உட்கார்ந்த இடத்து வேலை” என்றான். வந்தாள். இரண்டு தெருக்கள் கூடும் முனையில் தகரக் கூரை போட்ட ஷெட். நாலு வண்டிகள் நிற்கலாம். ஒரு மூலையில் கம்பி வலை அடித்த கவுன்டர். வலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எட்டு மாதமாக எஞ்சின்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதி இருந்தது. அது ஒன்றுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தம்பி லேசுப்பட்டவன் இல்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லுவான். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவது சரியாக இல்லையென்றால் வண்டிமேல் தப்பு என்பான்.

அந்தப் பத்தாவது வண்டிதான் பல் டாக்டருடையது.

கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், இரண்டே இருக்கைகள், மடக்கும் துணிக்கூரை. டாக்டரைவிட இரண்டு வயது சின்னது. வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட அந்தப் பந்தய வண்டியை எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கினார் டாக்டர். ஊருக்குள் ஓட்டினால் சமர்த்தாக ஓடும். நெடுஞ்சாலையில் ஏறிக் கால் மணி நேரம் ஆனால் வெப்பமானி முள் சொல்லி வைத்தாற்போல் சிவப்புக்குப் போய்விடும். அப்புறம் மூடி வழியாகப் புகை. ஓரம் கட்டி, தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து, ஊர்ந்து வரவேண்டும்.

வேறு இரண்டு ஷெட்டுகள் பார்த்துக் கைவிட்ட பிறகு தம்பியிடம் வந்தது. தம்பி ரேடியேட்டரைக் கழற்றிப் பெரிதாக வேறொன்று போட்டான். தண்ணீர்ப் பம்பை மாற்றினான். தெர்மோஸ்டாட்டை மாற்றினான். அதிக இறக்கை உள்ள விசிறி போட்டான். ஒவ்வொரு தடவையும், “இனிமே கொதிச்சா என் பேரை மாத்திக்கிறேன், டாக்டர்” என்று சாவியைக் கொடுத்தான். நாலு தடவை திரும்பி வந்தது. நாலு பெயர் மாற்றியிருக்க வேண்டும்.

ஐந்தாவது தடவை, ஒரு வியாழக்கிழமை காலை, வண்டி இழுவை லாரியின் முதுகில் ஏறி வந்தது. டாக்டரோடு அவர் மனைவியும் வந்திருந்தார். வக்கீல். கறுப்பு அங்கி கையில் மடித்துக் கிடந்தது. நீதிமன்றத்துக்குப் போகும் வழி.

“நேத்து பாலத்து நடுவுல நின்னுடுச்சு” என்றார் டாக்டர். பல் பிடுங்கும்போது ‘வலிக்காது’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய மெல்லிய குரல். “முன்னால ஒரு பஸ், பின்னால நூறு வண்டி. நல்லவேளையா ஒரு லாரிக்காரர் கேன்ல தண்ணி குடுத்தார்.”

“எனக்கு யாரும் எதுவும் குடுக்கல” என்றார் வக்கீல். “செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் பாலம் முழுக்க நடந்து வந்தேன். எட்டு வருஷமா இந்த வண்டிக்குச் சந்தேகத்தின் பலனைக் குடுத்தாச்சு. இனிமே தீர்ப்புதான்.”

டாக்டர் தரையைப் பார்த்தார். “சனிக்கிழமை சாயந்திரம் ஒருத்தர் வாங்க வர்றாரு. அதுக்குள்ள சரியாச்சுன்னா வச்சுக்கலாம்னு வீட்டுல பேசி முடிவு பண்ணியிருக்கோம்.”

“பேசினது நான். முடிவும் நான்” என்று சொல்லிவிட்டு வக்கீல் தங்கள் இன்னொரு காரில் ஏறினார்.

அவர்கள் போனதும் தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “வேற வழியில்ல. எஞ்சின் தலையை இறக்கணும். கேஸ்கெட் போயிருக்கும், நெருப்பு தண்ணிக்குள்ள கசியுது” என்றான்.

“அப்படின்னு எது சொல்லுது?”

கம்பி வலைக்குப் பின்னாலிருந்து குரல். தம்பி திரும்பிப் பார்த்தான். அக்கா எழுந்து வலைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றிருந்தாள். கயிற்றில் தொங்கிய மூக்குக் கண்ணாடி ஏற்கனவே மூக்குக்கு ஏறியிருந்தது.

“எது சொல்லணும்? மத்தது எல்லாத்தையும் மாத்தியாச்சு. மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.”

“மாத்தினே. அளந்தியா?”

“அக்கா, இது உன் ஏசி ரூம் இல்ல.”

“தெரியுது. வேர்க்குது. தலையை இறக்கினா திரும்ப ஏத்த எத்தனை நாள் ஆகும்?”

“ஒரு வாரம், பத்து நாள்.”

“அவங்க சனிக்கிழமை வித்துடுவாங்க. அப்புறம் யாருக்கு ஏத்துவே? நாளைக்கு மதியம் வரைக்கும் எனக்குக் குடு. ஒரு ஆணியைக்கூடத் தேவையில்லாம கழற்ற மாட்டேன்.”

“கவுன்டர்?”

“எட்டு மாசமா எங்கேயும் ஓடல. இன்னிக்கும் ஓடாது.”

தம்பி உதட்டைப் பிதுக்கினான். ஆனால் அக்காவின் குரலில் கெஞ்சல் துளியும் இல்லை. அதுதான் அவனை யோசிக்க வைத்தது. “மதியம் பன்னெண்டு. பன்னெண்டு அஞ்சுக்கு ஸ்பேனரோட வருவேன்” என்றான்.

முதலில் அவள் முள்ளைப் பிடித்தாள். வண்டி சூடாகிறது என்று முள் சொல்கிறது. முள் சொல்வது உண்மையா? எஞ்சினில் சூட்டை உணரும் சின்னப் பித்தளைத் துண்டை வயரோடு வெளியே எடுத்து, மின் அடுப்பில் வைத்த பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டாள். பக்கத்தில் தன் சொந்த வெப்பமானி. தொழிற்சாலையை விட்டு வந்தபோது அவள் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் அது. தண்ணீர் கொதித்தது. வெப்பமானியில் நூறு, முள்ளில் தொண்ணூற்றெட்டு.

“பார்த்தியா? முள் மேல தப்பு இல்ல” என்றான் தம்பி, வேறு வண்டிக்கு அடியில் படுத்தபடி.

“நல்லது. இனிமே முள் சொல்றதை நம்பலாம்” என்றாள் அவள். தம்பிக்கு அது தன் வெற்றி என்று தோன்றியது. அவளுக்கோ அது தன் வெற்றி என்று தோன்றியது.

அடுத்து ரேடியேட்டர். வண்டியை நின்ற இடத்திலேயே வேகமாக உறும விட்டாள். ஷெட் முழுக்க இரைச்சல். இருபது நிமிஷத்தில் முள் ஏற ஆரம்பித்தது. துப்பாக்கி மாதிரிப் பிடித்துச் சுட்டால் எண் காட்டும் வெப்பமானியால் மேல் குழாயைச் சுட்டாள்: நூற்றிரண்டு. கீழ்க் குழாய்: எண்பத்தெட்டு. சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குள் போய், ஒழுங்காக ஆறித்தான் வெளியே வருகிறது. பம்ப் தள்ளுகிறது, விசிறி இழுக்கிறது, ரேடியேட்டர் ஆற்றுகிறது.

“இவங்க மூணு பேரும் மாடு மாதிரி உழைக்கிறாங்க. இவங்களைத்தான் நாலு தடவை வேலையை விட்டுத் தூக்கியிருக்கே” என்றாள்.

தம்பி வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

மூன்றாவது, அவன் சொன்ன கேஸ்கெட். அதற்கு ஒரு நீலத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்த கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, மேலே வரும் காற்றை அதற்குள் விட வேண்டும். எஞ்சின் புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். அவள் ஐந்து நிமிஷம் பார்த்தாள். பத்து நிமிஷம் பார்த்தாள். நீலம் நீலமாகவே நின்றது.

இப்போது தம்பி எழுந்தே வந்துவிட்டான். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். “அப்போ தலையை இறக்க வேண்டாம்” என்றான், கொஞ்சம் ஏமாற்றமாக.

“வேண்டாம்.”

“அப்போ என்னதான் கோளாறு?”

“தெரியாது” என்றாள் அக்கா. தெரியாது என்பதை அவள் சொன்ன விதத்தில் கவலை இல்லை. பாதிக் கிணறு தாண்டியவள் குரல் அது இல்லை. எந்தெந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று பார்த்து முடித்தவள் குரல். ஆற்றுகிற பக்கம் சரி. அப்படியானால் சூடு உண்டாகிற பக்கத்தில்தான் ஏதோ மிகுதியாக நடக்கிறது.

அன்று மாலை கணவர் பணி முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டதும், அவள் கேட்டாள்: “என்னங்க, பஸ் சூடாகப் போகுதுன்னா முள்ளைப் பார்க்காம உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வீட்டுக்கு வந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி கிடையாது, நேரா விசாரணையா?” என்றார் அவர். பிறகு தானே போய்த் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு யோசித்தார். “ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. தண்ணி கம்மின்னா திடீர்னு ஏறும். ஆனா சில பஸ் இருக்கு பாரு, மிதிச்சா வராது. சோம்பேறி. மூச்சு வாங்கிக்கிட்டே போகும், போகப் போகச் சூடாகும். நெருப்பு லேட்டா விழுதுன்னு டிப்போவுல சொல்லுவாங்க. வேலை செய்ய வேண்டிய நெருப்பு வேலை முடிஞ்சப்புறம் வந்து சும்மா எரிஞ்சா, எஞ்சினுக்குச் சூடுதானே மிச்சம்?”

அவள் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. டாக்டரிடம் எப்போதோ அவள் கேட்டிருக்கிறாள், வண்டி நல்லா இழுக்குமா என்று. ‘வயசாச்சில்ல, மெதுவாத்தான்’ என்று அவர் பாசத்தோடு சொன்னது இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை தம்பி வருவதற்கு முன்பே அவள் ஷெட்டில் இருந்தாள்.

“டைமிங் பார்க்கணும். நெருப்பு எப்போ விழுதுன்னு” என்றாள்.

தம்பிக்குச் சுருக்கென்றது. “டைமிங் நானே என் கையால வச்சது. நாலு தடவையும் பார்த்தேன்.”

“அஞ்சாவது தடவை நானும் பார்க்கிறேனே.”

டைமிங் விளக்கை மாட்டினான். முதல் சிலிண்டரில் பொறி விழும் ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று மின்னும் விளக்கு அது. எஞ்சினின் முன்பக்கம் சுழலும் கனமான சக்கரத்தில் ஒரு கோடு வெட்டியிருக்கும். விளக்கு மின்னும்போது சுழலும் கோடு நின்றமாதிரித் தெரியும். பக்கத்தில் இருக்கும் பல்வரிசைத் தகட்டில் அது எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதோ, அதுதான் கணக்கு. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குப் பத்து டிகிரி முன்னால் பொறி விழ வேண்டும். இருவரும் குனிந்து பார்த்தார்கள். கோடு பத்தில் நின்றது. ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

“திருப்தியா?” என்றான் தம்பி.

அவள் நிமிரவில்லை. “பத்துன்னு சொல்றது யாரு?”

“கோடு.”

“அந்தக் கோடு சரின்னு சொன்னது யாரு?”

“அக்கா! அது கம்பெனியில வெட்டின கோடு. இரும்புல வெட்டினது. அது எங்கே போகும்?”

“சக்கரம் ஒரே துண்டா?”

“இல்ல, ரெண்டு துண்டு. உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவுல அதிர்ச்சி தாங்க ரப்பர் வச்சு ஒட்டி…”

தம்பி பாதியில் நிறுத்தினான். விளக்கை அணைத்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. ரப்பர். ஐம்பது வருஷத்து ரப்பர். கோடு இருப்பது வெளி வளையத்தில்; எஞ்சினோடு பிணைந்திருப்பது உள் வளையம். ரப்பர் பிடியை விட்டிருந்தால் வெளி வளையம் நழுவியிருக்கும். நழுவியிருந்தால்?

“கோடு பொய் சொல்லும்” என்று அவனே மெதுவாகச் சொன்னான். இருபது வருஷமாக எஞ்சினோடு புரளுகிறவன். ஒரு நூல் கிடைத்தால் போதும், மிச்சத்தை அவனே இழுத்துவிடுவான். “பிஸ்டன் நிஜமா எங்கே நிக்குதுன்னு நேராப் பார்த்துடலாம். இரு.”

பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் வயிற்றைக் குடைந்து, அதில் முனை மழுங்கிய ஒரு போல்ட்டைப் பற்றவைத்தான். முதல் சிலிண்டரின் பிளக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைத் திருகினான். ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றினான். பிஸ்டன் மேலேறி வந்து போல்ட்டில் டொக்கென்று முட்டி நின்றது. அசையாத தகட்டின் பூஜ்யத்துக்கு நேராகச் சக்கரத்தில் அக்கா மெல்லிய சுண்ணக்கோடு போட்டாள். எதிர்ப்பக்கம் சுற்றினான்; மறுபடி முட்டியது; மறுபடி கோடு. இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவே எது இருக்கிறதோ அதுதான் பிஸ்டனின் உண்மையான உச்சி.

அவள் தையல் நாடாவை வளைத்து அளந்தாள். நடுவைக் குறித்தாள். எஃகில் வெட்டிய கம்பெனிக் கோடு அந்த இடத்தில் இல்லை. இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது.

“சக்கரத்தோட சுற்றளவு அம்பது சென்டிமீட்டர்” என்று அவள் வாய்க்குள் கணக்குப் போட்டாள். “ஒரு டிகிரிக்கு ஒண்ணே கால் மில்லிமீட்டருக்கு மேல, ஒண்ணரைக்குக் கீழ. பதினாலு டிகிரி நழுவியிருக்கு. நீ பத்து டிகிரி முன்னால வச்சதா நினைச்சே. நெருப்பு விழுந்தது நாலு டிகிரி பின்னால.”

தம்பி வண்டியின் நீண்ட மூக்கின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றான். “நாலு தடவை, அக்கா. நாலு தடவையும் நானே கஷ்டப்பட்டுத் தப்பா வச்சிருக்கேன்.”

“நீ வச்சது சரி. உனக்கு வழி சொன்னவன் புளுகிட்டான். அவ்வளவுதான்.”

மணி பதினொன்றே முக்கால். ஸ்பேனரோடு வருவேன் என்றவன் ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

புதுக் கோடு ஒன்று போட்டு, டைமிங்கைத் திருத்தி அனுப்பியிருக்கலாம். தம்பி அதைத்தான் சொன்னான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு தடவை நழுவிய வளையம் மறுபடியும் நழுவும், ஓடுகிற வேகத்தில் கழன்று பறந்தால் கேட்கவே வேண்டாம். அதே எஞ்சின் போட்ட குடும்ப வண்டிகள் ஒரு காலத்தில் நிறைய ஓடியதுண்டு என்று தம்பிக்கு நினைவு வந்தது. பழைய இரும்புக் கிடங்குக்குப் பறந்தான். சாயங்காலம் மூன்று சக்கரங்களோடு வந்து கவுன்டரில் வைத்தான்.

“நீ பார்த்துச் சொல்லு. எனக்கு மூணும் ஒரே மாதிரித் தெரியுது.”

உள் வளையத்தில் தண்டோடு பூட்டும் சாவித்துண்டு உட்காரும் பள்ளத்துக்கும் வெளி வளையத்துக் கோட்டுக்கும் இடையே எவ்வளவு கோணம் இருக்க வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் இருந்தது. கோணமானியை வைத்தாள். ஒன்று ஆறு டிகிரி நழுவியிருந்தது. ஒன்றில் ரப்பர் நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. மூன்றாவது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதைத் துடைத்து, இரண்டு வளையங்களையும் குறுக்காக வெட்டிச் செல்லும்படி ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்தாள். வெளி வளையம் என்றைக்காவது நழுவினால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் பூட்டி முடித்தார்கள். டைமிங் விளக்கில் இப்போதும் பத்துதான்; ஆனால் இது சத்தியமான பத்து. எஞ்சின் சத்தமே மாறியிருந்தது. தம்பி கண்ணை மூடி இரண்டு நிமிஷம் கேட்டான். “இந்த வண்டி சத்தத்தை நான் இதுக்கு முன்னால கேட்டதே இல்ல” என்றான்.

டாக்டர் பதினொரு மணிக்கு வந்தார். வக்கீலும் வந்தார், அங்கி இல்லாமல், தட்டைச் செருப்போடு. அக்கா நடந்ததைச் சொன்னாள். எஞ்சினுக்குள் நெருப்பு எப்போது விழ வேண்டும், எப்போது விழுந்துகொண்டிருந்தது, கோடு எப்படி நகர்ந்தது என்று இரண்டு மூடிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் திருகிக் காட்டினாள். டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வக்கீல் தலையாட்டவில்லை.

“இது சாட்சி சொல்றது. நிரூபணம் எங்கே?” என்றார்.

“நெடுஞ்சாலையில” என்றாள் அக்கா. “நீங்க உட்காருங்க, டாக்டர் ஓட்டட்டும்.”

“நானா? நீங்க உட்காருங்க. நான் பின்னால எங்க காரில வர்றேன். ஒருத்தராவது வீடு திரும்பணும்.”

அப்படியே புறப்பட்டார்கள். முன்னால் பச்சை வண்டியில் டாக்டரும் அக்காவும். பின்னால் வக்கீல் ஓட்டிய காரில் தம்பி. ஊர் எல்லை தாண்டி அகலச் சாலை வந்தது. அக்கா மடியில் வெப்பமானியை வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. முள் நடுவில். டாக்டரின் கை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தது. அரை மணி நேரம். முள் நடுவில். ஒரு நீண்ட ஏற்றம் வந்தது. முள் ஒரு நூல் ஏறியது, மேட்டைத் தாண்டியதும் மறுபடி இறங்கிப் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

“இறங்குது” என்றார் டாக்டர் நம்பாமல். “எட்டு வருஷத்துல இந்த முள் தானா இறங்கி நான் பார்த்ததில்ல.”

“மிதிங்க.”

“எவ்வளவு?”

“வண்டி எவ்வளவு கேக்குதோ அவ்வளவு.”

டாக்டர் மிதித்தார். நீண்ட மூக்கு லேசாக நிமிர்ந்தது. இருக்கை முதுகைப் பிடித்துத் தள்ளியது. அக்காவின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக் கயிற்றில் ஆடியது. காற்று காதில் அடைத்தது. வயதாகிவிட்டது, மெதுவாகத்தான் போகும் என்று எட்டு வருஷமாக அவர் மன்னித்துக்கொண்டிருந்த வண்டி, கட்டை அவிழ்த்த மாதிரிப் பாய்ந்தது. டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டிராத, உரத்த, வெட்கம் கெட்ட சிரிப்பு. அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷம் குளிர் அறையில் சரிபார்த்த கருவிகளில் எதுவும் அவளை இப்படித் தூக்கிக்கொண்டு போனதில்லை.

சாலையோர மரநிழலில் நிறுத்திக் காத்திருந்தார்கள். பின்னால் வந்த கார் வந்து சேர மூன்று நிமிஷம் பிடித்தது. வக்கீல் இறங்கினார். எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குனிந்து கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்தார். முள்ளைப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கக் கதவைத் திறந்தார்.

“இறங்குங்க.”

“ஏம்மா?”

“நான் ஓட்டிப் பார்க்கணும். அக்கா, நீங்க அப்படியே உட்காருங்க.”

தம்பியும் டாக்டரும் மரநிழலில் நிற்க, பச்சை வண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று. அதற்கப்புறம் அவர்கள் அதைப் பார்த்தது ஷெட்டில்தான். அதற்குள் வக்கீல் கைப்பேசியில் யாரிடமோ, “இல்லைங்க, வண்டி விக்கிறதா இல்ல. மன்னிக்கணும், அது என் வீட்டுக்காரர் அவசரப்பட்டுச் சொன்னது” என்று சொல்லி முடித்திருந்தார்.

திங்கட்கிழமை கவுன்டரில் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள். தம்பியின் மனைவிக்குத் தங்கை முறை. அக்காவுக்கு ஷெட்டின் நடுவே ஒரு மேசை போட்டார்கள். அவள் கேட்டது கல் மேசை. கிடைத்தது கனத்த இரும்புத் தகடு போட்ட மேசை. நீர்மட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் மட்டும் மெல்லிய தகடு சொருகிக்கொண்டாள். அந்த வாரமே ஷெட்டில் இருந்த காற்றழுத்தமானி, போல்ட்டை அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனர் எல்லாவற்றையும் பரிசோதித்து, இரண்டைக் குப்பையில் போட்டாள். தம்பி அதில் ஒன்றைக் குப்பையிலிருந்து ரகசியமாக எடுத்தான். மறுநாள் அது இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடந்தது.

டாக்டர் நன்றிக் கடனாக அவளுடைய பற்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு வருஷமாக வலித்துக்கொண்டிருந்தது. வலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். ஒரு புதன்கிழமை மத்தியானம் போனாள். சாய்ந்த நாற்காலியில் உட்கார வைத்து, எக்ஸ்ரே எடுத்து, படத்தைத் திரையில் காட்டி, “வேருக்கு அடியில சீழ். மூணு மில்லிமீட்டர் இருக்கு” என்றார் டாக்டர்.

வாயில் பஞ்சோடு அவள் திரையை உற்றுப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இந்த மெஷினைக் கடைசியா யாரு, எப்போ சரிபார்த்தாங்க?”

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு, மெஷினோடு வந்த சோதனைச் சான்றிதழ் ஃபைலை எடுத்து வரச் சொன்னார்.